அவர் விட்டுவெச்ச இடம்

இல்லம்மா, நீட்டாத. டேப்புல அந்த இடத்த மட்டும் நீட்டாத. நான் முடிக்கிறதுக்குள்ள அவர் ஆரம்பிச்சிடுறார், எனக்கும் கேக்குது. காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நடுவுல கொஞ்சம் வெத்து இடம் சேத்துட்டா சரியாப் போயிடும்னு நீ சொல்ற, ஒரு நிமிஷ வேலைதான்ங்கிற. வேண்டாம்.

ஏன்னா, நீ சேக்கப்போற இடத்துல ஒண்ணுமே இருக்காது. அவர் விட்டுவெச்ச இடத்துல ஃபேன் ஓடுது. நாற்காலி லேசா கிறீச்சுங்குது. அவர் மூச்சு விடுறார். நான் பேசுறதுக்காக ஒரு மனுஷன் பொறுமையா உக்காந்திருக்கார், அது கேக்குதில்ல? அதுக்கு நடுவுல உன் கம்ப்யூட்டர் ஊமைத்தனத்த கொண்டுபோய் சொருகினா, அந்த ஒரு நொடி அவர் செத்துப்போய் பொழச்ச மாதிரி இருக்கும். ஒரு தடவ போனது போதும்மா.

கோபமா? எனக்கு கோபம் மூக்கு மேலதான் இருக்கும், அத நீ கண்டுக்காத. அந்த ரெக்கார்டிங் விளக்க அணைச்சிட்டு இப்படி உக்காரு. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன், மறுபடி படிக்கலாம். கடைசிப் பாட்டு ஒண்ணுதானே பாக்கி? மத்தது எல்லாத்தையும் முக்கி முனகி அவர் விட்ட இடத்துக்குள்ளயே அடக்கிட்டேன்ல? இதையும் அடக்கிடுவேன்.

ஓ, உனக்கு யாரும் விவரமே சொல்லலையா? பழைய டேப்பு, வயசானவங்க ஒருத்தங்க வருவாங்க, படிக்க வெச்சு அனுப்பிடுன்னு மட்டும் சொல்லி அனுப்பினாங்களா? நல்லாருக்கு.

காலைலேருந்து உன் காதுல பேசுறாரே, அவர் என் வீட்டுக்காரர். ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்றவர். எந்த வண்டி எந்த பிளாட்பாரம், எது எவ்வளவு லேட்டு, பூராவும் அவர் வாயாலதான். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இருந்தேன். லைன்ல இருங்க, லைன்ல இருங்கன்னு பாதி ஆயுசு போச்சு. ரெண்டு பேருக்கும் குரல்தான் சோறு போட்டுச்சுன்னு வெச்சுக்கோயேன். கண்ணு தெரியாதவங்களுக்கு புஸ்தகம் படிச்சு டேப்பு பண்ணித்தர ஆள் தேடறாங்கன்னு கேள்விப்பட்டு, அவர்தான் முதல்ல பேரு கொடுத்தார். சம்பளம் கிம்பளம் ஒண்ணும் கிடையாது. ஆசைதான்.

அவங்க எங்ககிட்ட கொடுத்தது இந்தப் பழைய காதல் பாட்டுங்கள. அவன் ஒண்ணு சொல்லுவான், அவ ஒண்ணு சொல்லுவா. அப்படி மாறி மாறி வர்ற மாதிரி யாரோ ஒரு வாத்தியார் அடுக்கிக் கொடுத்திருந்தார். பாட்டு, அது பின்னாடியே சாதாரணத் தமிழ்ல அர்த்தம். நீதான் கேட்டியே. முதல் நாள் அவர் வீட்டுல படிச்சுக் காமிச்சார் பாரு, எனக்கு சிரிப்பு அடக்கவே முடியல. அவன் உருகி உருகி, மழைக்கு முன்னால வந்துடுவேன் கண்ணேங்கிறான். இவர் வாயில அது, பயணிகளின் கனிவான கவனத்திற்குங்கிற மாதிரி வருது. ஏங்க, தலைவன் இன்னிக்கு எத்தன மணி நேரம் லேட்டு, எந்த பிளாட்பாரத்துல வர்றான்னு கேட்டேன். ரெண்டு நாள் என்கிட்ட மூஞ்சி கொடுத்துப் பேசல.

அப்புறம் எப்படி இப்படிப் படிச்சாரா? அதான் எனக்கும் தெரியல. இந்த ரூம்ல வந்து தனியா உக்காந்ததும் எங்கிருந்தோ வந்துடுச்சு அவருக்கு.

ஆமாம்மா, தனியாத்தான். நீ என்ன, நாங்க ரெண்டு பேரும் ஜோடியா உக்காந்து மைக் முன்னால கொஞ்சிகிட்டிருந்தோம்னு நெனச்சியா? கைக்குழந்த வீட்டுல. அவருக்கு ஒரு ஷிஃப்ட், எனக்கு ஒரு ஷிஃப்ட். யாராவது ஒருத்தர் பிள்ளைய பாத்துக்கணும். அதனால அவர் லீவு நாள்ல அவர் மட்டும் வந்து, அவன் பாட்டையெல்லாம் படிச்சிடுவார். அவ பதில் சொல்ற இடம் வந்தா, நான் பேசுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா உக்காந்திருப்பார். டேப்பு ஓடிகிட்டே இருக்கும். அப்புறம் என் லீவு நாள்ல நான் வருவேன். காதுல அவர மாட்டிகிட்டு, அவர் விட்ட இடத்துல எல்லாம் நான் பதில் சொல்லணும். என் குரல் இன்னொரு டேப்புல ஏறும். கடைசியா ரெண்டையும் சேத்து ஒண்ணாக்கிடுவாங்க. கேக்கிறவங்களுக்கு ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கும். நெசத்துல அதுல ஒரு பாட்டுக்குக்கூட நாங்க ஒண்ணா இந்த ரூமுக்குள்ள இருந்தது கிடையாது.

சரியா இருந்துச்சாவா? அளவெடுத்துத் தெச்ச ரவிக்க மாதிரி இருக்கும்மா. நான் கடைசி எழுத்து சொல்லி வாய மூடுவேன், அவர் ஆரம்பிப்பார். எப்படிங்க கணக்கு தெரியுதுன்னு கேட்டா, வாட்ச்ச பாத்துப்பேன்னு சொல்லுவார். நானும் நம்பிகிட்டேன். வண்டி நேரம் பாக்கிற மனுஷன், பாத்துப்பார்தானே.

எங்க குடும்பமே அப்படித்தான் நடந்துச்சு. அவர் உள்ள வருவார், நான் வெளிய கெளம்புவேன். வாசக்கதவுகிட்ட பிள்ளைய கை மாத்துவோம். அந்த ரெண்டு நிமிஷத்துல எல்லாப் பேச்சும் பேசியாகணும். பால் காய்ச்சியாச்சு, குழந்தைக்கு ஜலதோஷம், உங்க அக்கா வந்துட்டுப் போனாங்க, அந்த மூணாவது பாட்டு நேத்து கேட்டேன், நல்லாப் படிச்சிருக்கீங்க. அவ்வளவுதான், செருப்ப மாட்டிகிட்டு ஓடுவேன். இதுல ஒரு கூத்து கேளு. ரிட்டையர் ஆகி ரெண்டு பேரும் வீட்டோட இருந்தோம்ல, எதிர் எதிரா உக்காந்தா பேச்சே வராது. அவர் பேப்பர் பாப்பார், நான் சுவத்தப் பாப்பேன். எந்திரிச்சுப் போய் வாசக்கதவுகிட்ட நின்னோம்னா மடமடன்னு வரும்! எதுத்த வீட்டுக்காரம்மா எங்க பொண்ணுகிட்டயே கேட்டாங்க, ஏன் உங்க அப்பா அம்மா எப்பப் பாத்தாலும் எங்கயோ கெளம்பற மாதிரியே நின்னுகிட்டிருக்காங்கன்னு.

எங்கயும் கெளம்பலம்மா. அவர்தான் ஒரு மத்தியானம் கெளம்பிட்டார். சாப்பிட்டுட்டு, கொஞ்சம் கண்ண மூடுறேன்னு உள்ள போனவர். அது கதவுகிட்ட நடக்கல பாரு, அதனால என்கிட்ட ஒண்ணும் சொல்லிக்கல. வருஷம் ஆச்சு. எல்லாரும் சொல்றாங்க, காலம் ஆத்திடும்னு. எனக்கு ஆத்தல. நான் பொய் சொல்ல மாட்டேன். இன்னிக்கும் சாயங்காலம் ஆனா அந்தக் கதவுகிட்ட போய் கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் விளக்கு போடுறேன்.

தண்ணி வேண்டாம். குடிச்சா இன்னும் கரகரங்குது.

என் டேப்பா? குழாய் உடைஞ்சு தண்ணி ஏறிடுச்சாம் அவங்க கிடங்குல. அவர் டேப்பு மேல் தட்டு, என்னது கீழ் தட்டு. அங்கயும் நான் கீழதான் பாத்துக்கோ. சேத்து வெச்ச டேப்புங்களும் ஊர் ஊரா போய் ஓடி ஓடி தேஞ்சு போச்சு. மிச்சம் இருக்கிறது அவர் ஒருத்தர்தான். கேள்வி மட்டும் இருக்கு, பதில் இல்ல. அதுக்கு அந்த ஆபீஸ்காரர் போன் பண்ணார். அம்மா, உங்க பாகத்துக்கு ஒரு நல்ல குரல் இருக்கிற சின்னப் பொண்ணா ஏற்பாடு பண்றோம், நீங்க அலைய வேண்டாம், சம்மதம் மட்டும் சொல்லுங்கன்னார். நல்ல கதையா இருக்கே! நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கப்ப என் வீட்டுக்காரருக்கு இன்னொருத்தி பதில் சொல்றதா? நானே வர்றேன்னுட்டேன்.

நீயும் காலைல ஒண்ணு சொன்ன. உங்க குரல மெஷின்ல போட்டு இளசாக்கித் தர்றேன், யாருக்கும் வித்தியாசம் தெரியாதுன்ன. நல்ல மனசுலதான் சொன்ன, எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லுவானேன்? கழுத தேஞ்சு கட்டெறும்பு ஆன கதையா இருக்கு என் குரல். ஆனா யோசிச்சுப் பாரு. இந்தப் பாட்டுல எங்கயாவது அவளுக்கு வயசு இருபதுன்னு எழுதியிருக்கா? பொருள் தேடப் போறேன், பொருள் தேடப் போறேன்னு ஒவ்வொரு பாட்டுலயும் அவன் கெளம்பிடறான். எந்தப் பாட்டுலயாவது வாங்க வேண்டியத வாங்கிகிட்டு சாயங்காலமே திரும்பிட்டான்னு இருக்கா? ஆயிரம் வருஷத்துக்கு மேல அவ வாசல்ல நிக்கிறா. நாமதான் அவளுக்கு வயசே ஆகக்கூடாதுன்னு நெனச்சுகிட்டோம். நின்னு நின்னு அவளும் கிழவி ஆகியிருப்பாம்மா. அவன் குரல் மட்டும் அவ காதுல போன அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கும். இதோ, எனக்கு இருக்குல்ல? அப்படியே இருக்கட்டும். அவர் முப்பது வயசுல கேக்கட்டும், நான் எழுபதுல பதில் சொல்றேன்.

இந்தக் கடைசிப் பாட்டும் அதத்தான் சொல்லுது. அர்த்தம் படிச்சேன்ல? அவன் வரத்தான் போறான். ஆனா எவள விட்டுட்டுப் போனானோ அவளத் தேடிகிட்டு வருவான். வந்து, வாசல்ல நிக்கிற என்கிட்டயே, அவ எங்கன்னு என்னைப் பத்தி விசாரிப்பான். அவ்வளவுதான் பாட்டு. அப்போ இத நான் எப்படிப் படிச்சேன் தெரியுமா? சிரிச்சுகிட்டே. அவ விளையாட்டா சொல்றான்னு நெனச்சேன், எவனாவது பொண்டாட்டிய அடையாளம் தெரியாம கேப்பானான்னு. வயசு அப்படி. இன்னிக்கு காலைல கண்ணாடி முன்னால நின்னு தல வாரும்போதுதான் அந்த வரி என்னைப் பிடிச்சு உலுக்குச்சு. போறவன் அவன் வழியில போயிட்டான், அவனுக்கென்ன. இருந்தவளுக்குத்தானே எல்லாம் ஆகுது.

அழல, அழல. கண்ணுல தண்ணி தானா வருது, வயசானா அப்படித்தான்.

இந்த ஒரு பாட்டுல மட்டும் அவர் கணக்கு தப்பிடுச்சும்மா அப்போ. யானைக்கும் அடி சறுக்கும்ல. நான் சொல்லி முடிச்சிட்டு, புஸ்தகம் முடிஞ்சதுன்னு அவர் சொல்ல ஆரம்பிக்கட்டும்னு காத்துகிட்டே இருப்பேன், கொஞ்ச நேரம் சும்மா ஓடும். வீட்டுக்குப் போய் கதவுகிட்ட வெச்சே கேட்டேன், என்னங்க, அந்த இடத்துல தூங்கிட்டீங்களா, வாட்ச் நின்னுபோச்சான்னு. பிள்ளைய வாங்கிகிட்டு உள்ள போயிட்டார். இன்னிக்குப் பாத்தா அவ்வளவு இடமும் எனக்குப் பத்தல. மூச்சு இழுக்கவே பாதி போயிடுது.

என்ன? சத்தமா? இடைவெளி எல்லாத்துலயும் சரசரன்னு ஒரு இரைச்சல் இருக்கா? டேப்பு பழசுல்ல, இருக்கத்தான் செய்யும். துடைச்சிடப் போறியா... இரு, இரு. துடைக்கறதுக்கு முன்னால எனக்குப் போட்டுக் காமி. அந்த மூணாவது பாட்டு போடு. நல்லா சத்தமா வை. இன்னும். காது கிழிஞ்சா கிழியட்டும், வை.

இரும்மா. மறுபடி போடு.

இது இரைச்சல் இல்லம்மா. உனக்குத் தெரியலையா? காதக் கொடுத்துக் கேளு. உதட்டுக்குள்ளயே... அது என் பாட்டு. என் வரிய சொல்றார். அடப்பாவி மனுஷா. வாட்சும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் சொல்ற மாதிரியே, நான் எங்க இழுப்பேன், எங்க மூச்சு வாங்குவேன், அப்படியே எனக்கு பதிலா சொல்லிகிட்டு உக்காந்திருக்கார். அடுத்தது போடு. பாரு. இதுலயும். இதுலயும் இருக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும் என்னை மாதிரி ஒரு தடவ பேசிப் பாத்துதான் இடம் விட்டிருக்கார். அத்தன வருஷம் கூட இருந்தேன், ஒரு வார்த்த சொல்லலையே எங்கிட்ட.

கடைசிப் பாட்ட போடு. சத்தத்த குறைக்காத. போடு.

ம். சொல்றார்... வாசல்ல நிக்கிற என்கிட்டயே... என்னைப் பத்தி... முடிஞ்சுடுச்சு. இனிமே இருக்கிறதுதான் அந்தத் தப்பிப்போன இடம்.

என்ன சொன்னார்?

நீ சொல்லு. எனக்கு ஒண்ணு கேட்டுச்சு, அது என் ஆசைக்குக் கேட்டுச்சா, நெசமாவே இருக்கான்னு தெரியல. நீ கேட்டத சொல்லு.

ஆமா. கேக்க மாட்டேன்டி. அதான் எனக்கும் கேட்டுச்சு.

அது பாட்டுல இல்லம்மா. எந்தப் பாட்டுலயும் இல்ல. அவளுக்கு அவன் பதிலே சொல்லல. இவர்தான் சொல்லியிருக்கார். அவ எங்கன்னு என்கிட்ட வந்து விசாரிக்க மாட்டாராம். தெரியுமாம், நான்தான்னு. எப்படி இருந்தாலும் தெரியுமாம்! நான் அவரப் போய் தூங்கிட்டீங்களான்னு கேட்டிருக்கேன். அந்த மனுஷன் அதையும் கேட்டுகிட்டு வாயத் திறக்காம பிள்ளைய வாங்கிகிட்டு உள்ள போயிருக்கார்.

இல்ல, நீ அழாத. நீ அழுதா நானும் ஆரம்பிச்சிடுவேன், அப்புறம் தொண்ட சுத்தமா கட்டிக்கும். கண்ணத் துடைச்சுக்கோ. கேளு. இப்ப நீ எதையும் துடைக்கக்கூடாது, நீட்டக்கூடாது, வெட்டக்கூடாது. நான் சின்ன வயசுல படிச்ச வேகத்துல படிக்கப்போறேன். இழுக்காம, நடுவுல மூச்சு வாங்காம, அவர் அந்த வார்த்தைய சொல்றதுக்கு முன்னால முடிச்சுக்கணும். அது மேல என் குரல் விழக்கூடாது. எல்லாருக்கும் கேக்குமான்னு கேக்காத. கண்ணு தெரியாதவங்க காதுக்கு அது தப்பாது, நீ கவலப்படாத.

யாரு, கதவத் தட்டுறது? என் பொண்ணாத்தான் இருக்கும். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா, காலைலேருந்து. போதும்மா, பேசாதம்மான்னு சைகை காட்டிகிட்டே இருக்கா பாரு கண்ணாடி வழியா. இன்னும் ஒண்ணே ஒண்ணுன்னு விரலக் காமி அவகிட்ட.

அடுத்த வாரமா? தொண்ட சரியாகட்டும், ஒரு வாரம் பேசாம ஓய்வெடுத்துட்டு வாங்க, நிதானமாப் பண்ணலாங்கிற. நல்ல பொண்ணு நீ. ஆனா இது ஜலதோஷம் இல்லம்மா. குரல்வளையில கட்டி. பெரிசாயிடுச்சு. நாளைக்கு காலைல ஆபரேஷன். அடியோட எடுத்துடறாங்க. கழுத்துல ஒரு ஓட்ட போட்டு விடுவாங்களாம், மூச்சு அது வழியா போகுமாம், உசுருக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்றார். பேச்சுதான் கிடையாது. பின்னால ஏதோ மெஷின் ஒண்ண கழுத்துல வெச்சு அழுத்தினா சத்தம் வருமாம். அது பேசும், நான் பேச மாட்டேன்.

அதான், காலைலேருந்து இந்தக் கிழவி என்ன இப்படி வாய் ஓயாம பேசுறான்னு நீயும் பாத்துகிட்டேதானே இருந்த. மிச்சம் பிடிச்சு வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்?

விளக்கப் போடு. அந்த ஹெட்ஃபோன இப்படிக் கொடு. கதவ இறுக்கிச் சாத்திக்கோ. இப்ப அவர் பேசுவார்ல? முடிக்கட்டும். முடிச்சதும் நீ கை காட்டாத, வேண்டாம். எனக்குத் தெரியும்.